முனியறைப் பூங்காவுக்குக் கோடு போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறையூரில் முனியறைகள் என்ற பழங்காலக் கல் அறைகள் இருக்கும் பகுதி முழுவதையும் தேசியத் தொல்லியல் பூங்காவாக அறிவிக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் கற்கள் சரிந்து கிடப்பதைக் கண்டு மனம் கேட்காமல் எழுதியிருக்கிறார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. நான் கோவில்கடவுப் பக்கம் கரும்பு போடுகிறவன். பூங்கா வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வயலும் வெல்லம் காய்ச்சும் ஆலையும் பூங்காவுக்குள்ளேயே, இப்போது இருப்பது போலவே இருக்க வேண்டும். எல்லைக்கோடு போடுவதற்கு முன்பே அதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உடுமலையிலிருந்து சின்னாறு காட்டு வழியாக மூணாறுக்கு ஏறும் சாலையில் இருக்கிறது மறையூர். மாவட்டம் இடுக்கி, மாநிலம் கேரளம். ஆனாலும் மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி என்ற அஞ்சுநாட்டிலும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். எங்களுக்குத் தண்ணீர் தரும் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. வயல்களுக்கு நடுவே மொட்டைப் பாறைகள் எழும்பி நிற்கும். முனியறைகள் அந்தப் பாறைகளின் மேல்தான். பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரே கல்லை மூடியாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, காரையும் இல்லை. கல்லின் எடை ஒன்றுதான் பிடிமானம். பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை என்கிறார்கள் தொல்லியல் படித்தவர்கள். முனிவர்கள் தவம் இருந்த அறை என்பார்கள் எங்கள் பெரியவர்கள். எப்படி இருந்தாலும், கரும்பு வெட்ட வந்தவர்கள் மழைக்கு அதன் பக்கம் ஒதுங்குவார்களே தவிர, கல்லை அசைக்க மாட்டார்கள். மூடுகல்லில் ஏறி நின்று படம் எடுப்பதும், கல்லில் பெயரைக் கிறுக்குவதும், பாட்டிலை உடைத்துப் போடுவதும் சுற்றுலா பெருகிய பிறகு வந்த வினைகள். ஒரு பக்கக் கல் நகர்ந்தாலே மூடுகல் இறங்கிவிடும். அப்படி இறங்கியதைப் பழையபடி ஏற்றிவைக்க இங்கே யாரும் வருவதில்லை.

எனவே காவல் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் பயம் தேசியம் என்ற அறிவிப்போடு கூட வரும் சட்டத்தைப் பற்றியது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று அறிவிக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டடம் எதுவும் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்கிறது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தம். ஒரு முனியறையை நடுவில் வைத்து 100 மீட்டருக்கு வட்டம் போட்டால் ஏறக்குறைய ஏழே முக்கால் ஏக்கர் வரும். 300 மீட்டருக்குப் போட்டால் எழுபது ஏக்கர். இங்கே முனியறை பாறைக்குப் பாறை இருக்கிறது. அத்தனை வட்டங்களும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் வெளியே எத்தனை சென்ட் மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

உழுவதற்கு அந்தச் சட்டத்தில் தடை இல்லையே என்பார்கள். சரிதான். ஆனால் மறையூர்க் கரும்பு மில்லுக்குப் போவதில்லை, வயல் பக்கத்திலேயே வெல்லமாகிறது. வெட்டிய கரும்பைப் போட்டு வைத்தால் சாறு கெட்டுவிடும். அதனால் ஆலைக்கொட்டகை கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். பிழிந்த சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, பொங்கி வரும் அழுக்கை வழித்து வழித்து எடுத்து, பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளற வேண்டும். சூடு முழுக்க ஆறுவதற்குள் கையால் உருண்டை பிடித்தாக வேண்டும். உள்ளங்கை தாங்குகிற சூட்டுக்கும் பாகு இறுகுகிற நேரத்துக்கும் இடையில் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். பிழிந்த சக்கைதான் அடுப்புக்கு விறகு, அதைக் காயப்போடத் திறந்த இடம் வேண்டும். இந்த உருண்டை வெல்லத்துக்குத்தான் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கொட்டகை காற்றில் சாய்ந்தால் புதிதாகப் போட முடியுமா? பழையதன் கூரையை மாற்றுவதற்கும் மனு எழுதிக் காத்திருக்க வேண்டுமா? முடிவு வருவதற்குள் கரும்பு பூத்துவிடும். ஆலை நின்றால் கரும்பு நிற்கும், கரும்பு நின்றால் நிலம் ரிசார்ட்காரருக்குப் போகும். காந்தளூர் பக்கம் காய்கறி விளைந்த நிலத்தில் எத்தனை விடுதி முளைத்திருக்கிறது என்பதைச் சென்றமுறை வந்தபோது அந்த வாசகரும் பார்த்திருப்பார். பூங்கா என்று அறிவித்த மறுநாளே தொல்லியல் அதிகாரிக்கு முன்னால் நிலத்தரகர் வந்து நிற்பார் என்பது என் கணிப்பு.

அறிவிப்பை முதலில் போட்டுவிட்டு நிலக்கணக்கைப் பின்னால் பார்ப்பதன் பலனை எங்கள் பக்கத்திலேயே கண்டிருக்கிறோம். 2006-இல் வட்டவடை, கொட்டக்கம்பூர் பகுதியில் 3,200 ஹெக்டேரைக் குறிஞ்சிமலை சரணாலயம் என்று அறிவித்தார்கள். குறிஞ்சியைக் காக்க வேண்டியதுதான். ஆனால் எந்தப் பட்டா செல்லும், எந்த நிலம் உள்ளே, எது வெளியே என்று அளந்து தீர்ப்பது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அங்கே பொய்ப் பட்டாவும் இருந்தது, மறுக்கவில்லை. அதைப் பிடிக்கப் போன இடத்தில், தலைமுறை தலைமுறையாக உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டு வந்தவனும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தான்.

கல்லும் பயிரும் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு ஹம்பி இருக்கிறது. 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே இடிந்த மண்டபங்களுக்கு நடுவே இன்றைக்கும் வாழையும் நெல்லும் விளைகின்றன. விஜயநகர மன்னர்கள் வெட்டிய துருத்துக் கால்வாயில் இப்போதும் பாசனம் நடக்கிறது. அந்தக் கால்வாயையும் வயலையும் நீக்கிவிட்டால் அங்கே வரலாற்றில் பாதி போய்விடும். அதே ஹம்பியில்தான் 2011-இல் விருபாட்சர் கோயில் முன்னால் இருந்த கடைத்தெருக் குடும்பங்களை ஒரே மூச்சில் அப்புறப்படுத்தினார்கள். முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதைத் தவிர்க்க வேண்டும் என்றால், திட்டம் வரைகிற நாளிலேயே விவசாயியும் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அகழாய்வு பற்றியும் ஒன்று. கீழடியில் தென்னந்தோப்புகளில் குழி வெட்டினார்கள், பல குழிகளைப் பிறகு மூடியும் கொடுத்தார்கள். தென்னை நின்றபடி நிற்கும், கரும்பு அப்படி இல்லை. ஒருமுறை நட்டால் வெட்ட வெட்டக் கட்டையிலிருந்து திரும்பத் தழைத்துச் சில வருடம் வரும். நடுவில் குழி வெட்டினால் போவது ஒரு வெள்ளாமை மட்டும் இல்லை, அதன் பின்னால் வர வேண்டிய மறுதாம்பும் சேர்ந்து போகும். நட்டஈட்டை அந்தக் கணக்கில் பேச வேண்டும். கட்டையைப் பெயர்த்து நிலத்தை ஆறப்போடும் வருடம் பார்த்துத் தோண்ட வந்தால் யாருக்கும் நட்டமில்லை.

வேலி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சந்தனக் காட்டைச் சுற்றி வனத்துறை இரும்புவேலி போட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் சந்தன மரம் மிஞ்சியிருக்காது. ஆனால் அதே வேலியை வயலுக்குள் இழுத்துவந்தால் வாய்க்கால் அறுபடும், மாடு போகும் தடம் அடைபடும், யானை ஒரு பக்கம் நுழைந்தால் ஆளுக்கு மறுபக்கம் ஓட வழி இருக்காது. பாறைக்கு ஒரு காவலாள் போதும். அவர் இந்த ஊர்ப் பிள்ளையாக, முதுவர், மலைப்புலையர் குடிகளில் இருந்தும் எடுத்த ஆளாக இருக்கட்டும். காட்டோரம் உள்ள முனியறைகளுக்கும் பாறை ஓவியங்களுக்கும் போகும் வழி அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் மொழி. தேசியச் சின்னமாக அறிவிப்பதற்கு முன் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதற்குள் சம்பந்தப்பட்டவர்கள் ஆட்சேபம் சொல்லலாம் என்று அதே 1958 சட்டம் சொல்கிறது. கல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனால் அந்த இரண்டு மாதம் எங்களுக்குப் பயன்படாது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே எழுத்துப் போக்குவரத்து நடத்த உரிமை தந்திருக்கிறது. அறிவிப்பும் வரைபடமும் சர்வே எண்ணோடு தமிழில் வர வேண்டும். வார்டு கிராமசபையில் அதை வாசித்துக் காட்டி, எதிர்ப்பையும் ஒப்புதலையும் பதிவு செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முனியறைக்கும் ஓர் எண் கொடுத்து, அது எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறது, மூடுகல் முழுசாக இருக்கிறதா, எந்தக் கல் சாய்ந்திருக்கிறது என்று படத்தோடு குறித்து ஊராட்சி அலுவலகத்தில் வைக்கலாம். அந்த வாசகரோ, தொல்லியல் படிக்கும் மாணவர்களோ வந்தால் எங்கள் வயலை ஒட்டிய பாறையிலிருந்தே தொடங்கலாம். வரப்பு வழியை நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கரும்பு விவசாயி ஒருவர்,
கோவில்கடவு, மறையூர்.