கெல்டிரியா கோட்டைத் திடலைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
பழவேற்காடு, பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: கோட்டைத் திடலை அளந்து எல்லைக்கல் நடவும், தமிழிலும் தெலுங்கிலும் வரலாற்றுப் பலகை வைக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1613-ல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டை எங்கள் ஊரில்தான் இருந்தது. 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை வணிகத்தை அவர்கள் இங்கிருந்தே நடத்தினர். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. இன்று எஞ்சியிருப்பது அகழியும் சீமைக்கருவேலம் மூடிய மண்மேடுமே.

மழை ஓய்ந்த மறுநாள் அம்மேட்டில் நடந்தால் செங்கல் துண்டுகளோடு நீலப்பூ வரைந்த பீங்கான் சில்லுகளும் காலில் தட்டுப்படும். சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கிப் பாண்டி ஆடுகிறார்கள். எல்லை இதுவென்று காட்ட ஒரு கல்லும் இல்லாததால், செங்கல்லைப் பெயர்த்து எடுத்துச் செல்வோரைத் தட்டிக்கேட்க எங்களால் முடியவில்லை. பள்ளிவாசலின் சூரியக் கடிகாரத்தை ஜமாஅத்தார் பார்த்துக்கொள்கின்றனர், திடலுக்குத்தான் கேட்பாரில்லை.

டச்சுக் கல்லறைத் தோட்டம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வெளியூரிலிருந்து வருவோர் அதன் வாயிலில் நிற்கும் இரு எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் படம் பிடித்துக்கொண்டு, நேரே படகுத்துறைக்குப் போய்விடுகின்றனர். அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால், இங்கிருந்து கப்பலேறிய துணிகளை நெய்த நெசவாளருக்கும், அடிமைகளாக விலைபேசப்பட்டு பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றி அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கும் இவ்வூரில் ஒரு வரி எழுத்துகூட இல்லை. பாளையக்காட்டு லுங்கி என்ற பெயரே எங்கள் ஊர்ப்பெயரின் திரிபு என்பர். அதை உடுத்துவோரில் எத்தனை பேருக்கு அது தெரியும்? எனவே வைக்கப்படும் பலகை டச்சு ஆளுநர்களின் பட்டியலாக இல்லாமல், இம்மக்களைப் பற்றி முதலில் பேச வேண்டும் என்பது எங்கள் விருப்பம். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதாலும், இக்கரையில் பாடு (முறைவைத்து மீன்பிடித்தல்) இறங்கும் குடும்பங்களில் பலவற்றில் இருமொழியும் புழங்குவதாலும் தெலுங்கிலும் எழுதக் கேட்கிறோம்.

ஆகவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வட்ட நில அளவையரைக் கொண்டு அகழி உட்படத் திடல் முழுவதையும் அளந்து கல் நடவும், திடலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கத் தொல்லியல் துறைக்குப் பரிந்துரைக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம். கருவேலத்தை அகற்ற ஆணையிடும்போது பொக்லைன் இறக்காமல் ஆள் வைத்து வெட்டச் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறோம். வேரோடு பிடுங்கினால் மண்ணுக்குள் இருக்கும் சுவரின் அடித்தளமும் கூடவே வந்துவிடும்.

இப்படிக்கு,
பழவேற்காடு ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: திடலின் ஒளிப்படங்கள், கையொப்பப் படிவம்.