உன் கல்லீரலில் பாதி

அன்புள்ள செழியனுக்கு,

நேற்று தொலைபேசியில் நீ அழத் தொடங்கியதும் என்னால் மேலே பேச இயலவில்லை; அதனால் எழுதுகிறேன். குடலில் தொடங்கிய என் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருப்பதால், மாற்று அறுவை சிகிச்சைக்காக நீ தர முன்வரும் உன் கல்லீரலில் பாதியை நான் பெற்றுக்கொள்ள மாட்டேன்.

இங்குள்ள மருத்துவர் மறுத்த பிறகு, செய்யலாம் என்று சொல்லும் வேறொரு மருத்துவமனையைத் தேடிப் பிடித்திருக்கிறாய். நீ அனுப்பிய 'டிரான்ஸ்மெட்' ஆய்வை இரண்டு முறை படித்தேன். 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, வெட்டி அகற்ற முடியாத நிலையிலிருந்த 94 பேரில், கீமோவுடன் மாற்றுக் கல்லீரலுக்கும் ஒதுக்கப்பட்டவர்களில் 57 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் 13 சதவீதம். படித்தபோது என் மனமும் தடுமாறியது. ஆனால், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார். குடலிலிருந்த மூலக்கட்டி அகற்றப்பட்டு, கீமோவுக்கு நோய் அடங்கி, கல்லீரலைத் தாண்டி எங்கும் பரவாதவர்களை மட்டுமே சேர்த்தார்கள். என் நுரையீரலில் மூன்று இடங்களில் நோய் தெரிகிறது. புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமலிருக்க வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டிய மருந்துகள், புற்றணுக்களுக்கு எதிராக உடலில் மிஞ்சியிருக்கும் காவலையும் தளர்த்திவிடும். 1967இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் என்ற அறுவை மருத்துவர், கல்லீரல் புற்றுநோய்க்காகக் கல்லீரல் மாற்றிய ஒன்றரை வயதுக் குழந்தை ஓராண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. கடைசியில் அதைக் கொண்டுபோனது, திரும்பிப் பரவிய புற்றுநோய்தான்.

"என் கல்லீரலைத்தானே தருகிறேன், வரிசையில் நிற்கும் யாருடைய பங்கையும் பறிக்கவில்லையே" என்று கேட்டாய். நார்வேயில் இச்சிகிச்சையை முதலில் முறையாகச் சோதித்துப் பார்க்க முடிந்ததற்கு, அங்கே காத்திருப்போர் பட்டியல் குறுகியதாக இருந்ததும் ஒரு காரணம். நம் ஊர் நிலை அதுவல்ல. நீ தந்த பாதி முதல் வாரத்திலேயே செயலிழந்தால் என்னை அவசரப் பட்டியலில் முன்னால் வைப்பார்கள். மூளைச்சாவடைந்த ஒருவரின் குடும்பம் துயரத்தின் நடுவே மனமுவந்து தந்த கல்லீரல் அப்போது எனக்கு வரும். அதைப் பெற்றுப் பல்லாண்டு வாழக்கூடிய ஒருவர் காத்திருந்தே இறந்துபோவார்.

உனக்கு நேரக்கூடியதை நீ பேசவே விடுவதில்லை. எஞ்சிய கல்லீரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் கொடையாளர் ஆயிரம் பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை இறக்கக்கூடும் என்பதும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கே. உன் மகளுக்கு நான்கு வயது.

1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மகனை நெருங்கிய உறவாக ஏற்கிறது. நீ மனமொப்பித் தருகிறாயா என்று கேட்பார்கள். நீயும் ஆம் என்பாய். படுக்கையில் கிடக்கும் தகப்பனுக்கு இல்லை என்று சொல்ல எந்த மகனால் முடியும்? உன்னால் சொல்ல முடியாத அந்தச் சொல்லை நான் சொல்கிறேன். என் நுரையீரல் சுத்தமாக இருந்து, இங்குள்ள மருத்துவக் குழுவே தகும் என்று சொல்லியிருந்தால், ஒருவேளை சம்மதித்திருப்பேன். வாழும் ஆசை எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்த மருத்துவமனையில் கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேள். அறுவை சிகிச்சைக்கென நீ வாங்கிய விடுப்பை மட்டும் ரத்து செய்துவிடாதே. அடுத்த கீமோ பதினெட்டாம் தேதி. அதற்கு முந்தைய வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கும். குழந்தையையும் அழைத்துக்கொண்டு அப்போது வா.

அன்புடன்,
அப்பா