ஓஸ்தியாவில் பார்த்த மாவு மில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அங்கே நீங்கள், அம்மா, தங்கச்சி எல்லோரும் சுகம்தானே? இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

போன ஞாயிறு போனில் பேசும்போது பழைய ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன் இல்லையா, அதை விவரமாக உங்களுக்கு எழுதாமல் மனசு ஆறவில்லை. எனக்கு லீவு திங்கள்கிழமைதான், ஆனால் திங்களன்று அங்கே மூடிவிடுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம் என்பதால், கூட வேலை பார்க்கும் பையனிடம் சொல்லி ஷிப்டை மாற்றிக்கொண்டு போனேன். ரோமிலிருந்து அரை மணி நேர ரயில், சாதாரண பஸ் டிக்கெட்டே போதும்.

ஊரின் பெயர் ஓஸ்தியா. பழைய ரோமர்கள் பேசிய லத்தீனில் அதற்கு ஆற்றின் வாய் என்று பொருள், நாம் முகத்துவாரம் என்கிறோமே, அதேதான். ரோம் வழியாக வரும் டைபர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த துறைமுகம். இப்போது அங்கே கடலைக் காணோம். ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கரையே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கப்பல் வராத ஊரில் யார் இருப்பார்கள்? சனம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, ஊர் மண்ணுக்குள் போய்விட்டது. 1942-இல் ரோமில் நடத்துவதாக இருந்த உலகக் கண்காட்சிக்காக 1938-லிருந்து அவசர அவசரமாகத் தோண்டினார்களாம், இப்போது கண்ணில் படுகிற ஊரில் பெரும் பகுதி அதில்தான் வெளியே வந்தது. யுத்தம் வந்து கண்காட்சி நடக்கவே இல்லை.

ரோம் நகரமே அந்தக் காலத்தில் வெளியூர்த் தானியத்தை நம்பித்தான் சாப்பிட்டது அப்பா. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவின் மற்ற இடங்களிலிருந்தும் கோதுமை கப்பலில் வரும், இங்கே அளந்து, படகில் மாற்றி, ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து ரோமுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். தானியம் அளப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்திருக்கிறது. அவர்கள் கூடத்தின் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கல் பதித்து ஒரு படம்: ஒருவன் மூட்டை சுமந்து வருகிறான், ஒரு பையன் எண்ணிக்கை வைத்துக்கொள்கிறான், இன்னொருவன் மரக்கால் மாதிரி ஒரு பாத்திரத்துக்குப் பக்கத்தில் கையில் கோலோடு நிற்கிறான். தலைதட்டி அளக்கும் கோல்! அப்பா, படியில் நெல்லைப் போட்டு உள்ளங்கையால் ஒரே வீச்சில் வழித்துவிடுவீர்களே, அதுதான் எனக்குக் கண்ணில் வந்தது.

அப்புறம் மாவு அரைத்து ரொட்டி சுட்ட இடத்துக்குப் போனேன். அங்கேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன். ஏறக்குறைய 1900 வருஷம் முந்தின மில். அடியில் கூம்பாக ஒரு கல், அதன் மேல் கவிழ்த்த மாதிரி உடுக்கை வடிவில் இடை சிறுத்த இன்னொரு கல், என் இடுப்புக்கு மேல் உயரம். மேல்வாயில் கோதுமையைக் கொட்டினால் இரண்டு கல்லுக்கும் நடுவே அரைபட்டுக் கீழே மாவு விழும். உடுக்கையின் இடையில் இரண்டு பக்கமும் சதுரக் குழி, அதில் கட்டையைச் செருகிக் கழுதையையோ கோவேறு கழுதையையோ பூட்டிச் சுற்றிச் சுற்றி நடக்கவிடுவார்கள். நம் தாத்தாவின் செக்கு எப்படியோ அப்படியே. மில் இருக்கும் அறைக்கு மட்டும் தெருவில் போடுகிற மாதிரி கெட்டியான கருங்கல் தளம். குளம்பு மிதித்து மிதித்துத் தரை குழியாகிவிடும் என்று தெரிந்தவன் போட்ட தளம் அது. செக்கடியில் மாடு சுற்றிய தடம் குழிந்துபோய் வருஷா வருஷம் மண் அடிப்பீர்களே, நினைவிருக்கிறதா?

பக்கத்திலேயே மாவு பிசையும் கல்தொட்டிகள். நான் தினமும் சமையலறையில் மெஷினில் பிசைகிற மாவைத்தான் இவர்கள் தொட்டிக்கு நடுவே கட்டையைச் சுழற்றிப் பிசைந்திருக்கிறார்கள். தொட்டியின் உள்பக்கம் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. எத்தனை கை, எத்தனை விடியற்காலை! அதில் பாதிப்பேர் அடிமைகளாக வெளிதேசத்திலிருந்து வந்தவர்களாக இருந்திருப்பார்கள் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்துபோனது, மூன்று வருஷம் முன்பு நான் வந்து இறங்கிய அதே ஏர்போர்ட் பக்கத்தில்தான் இருக்கிறது.

பெரிய நாடக அரங்கு, குளிக்கும் கூடம் எல்லாம் இருக்கிறது, ஊர்சுற்ற வருகிறவர்கள் அங்கேதான் கூடுகிறார்கள். அழகுதான். எனக்கு மனசு மில்லை விட்டு வரவில்லை.

ஒரு சந்தேகம் அப்பா. நம் மில்லில் கல் மழுங்கினால் உளி வைத்துக் கொத்துவீர்களே, எத்தனை மூட்டைக்கு ஒரு தரம் கொத்துவீர்கள்? இங்கே உள்ளது எரிமலைக் கல், உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை, தேயத் தேய புது ஓட்டையின் விளிம்பு மேலே வந்து கூர்மை போகாதாம். ஆனால் ஒரு கல்லில் கொத்தின தடம் மாதிரி எனக்குத் தெரிந்தது. தங்கச்சி போனுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உளித்தடமா இல்லையா என்று நீங்கள் பார்த்தாலே சொல்லிவிடுவீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்