பதருக்கு விதையை மட்டும் குற்றம் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குறுவைப் பருவ நெல்லில் பதர், அதாவது அரிசி பிடிக்காத வெற்று நெல், மிகுந்தால் பழி உடனே விதையின் மேல் விழுகிறது. சில நேரம் அது நியாயம்தான். ஆனால் பல வயல்களில் தவறு கதிர் வெளிவருமுன்பே, கதிரைப் பொதிந்திருக்கும் இலை உறைக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

நெல் பூவில் ஆறு மகரந்தப்பைகள். கதிர் தலைகாட்டப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கையில், பைக்குள் உள்ள தாய்செல் ஒவ்வொன்றும் குன்றல் பிரிவு (குரோமோசோம்கள் பாதியாகும் செல் பிரிவு) அடைந்து நான்கு இளம் மகரந்தங்களாகிறது. அவற்றுக்கு ஊட்டம் கொடுப்பது பையின் உட்சுவரை ஒட்டிய டபீட்டம் என்ற ஓரடுக்குச் செல்கள். அப்போது வயல் காய்ந்தால் இந்த அடுக்கு கெடுகிறது. மகரந்தத்தில் மாவுச்சத்து ஏறாமல் வெறும் ஓடு மிஞ்சும். பயிரோ பச்சைப்பசேலென்று நிற்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாட்களைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு: கண்ணாடி இலையின் (கதிருக்கு முன் வரும் கடைசி இலையின்) கழுத்தும் அதற்கு அடுத்த கீழ் இலையின் கழுத்தும் ஒரே மட்டத்துக்கு வரும் நாட்கள்தான் அவை. முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் வாய்க்கால் அடைபடும் வாரம் இதோடு மோதினால், கடைமடையில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீராவது விட்டு ஈரம் காக்க வேண்டும்.

பூப்பது காலை 9 முதல் 11 மணி வாக்கில். ஒரு பூ ஒரே முறைதான் திறக்கும், ஒரு மணி நேரம் போல. வெளிவந்த மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடங்களே. அதிலுள்ள இரண்டு ஆண் அணுக்களில் ஒன்று முட்டைச் செல்லோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று நடுச்செல்லின் இரு உட்கருக்களோடு கூடுகிறது. நாம் சோறாக்கும் பகுதி இந்த இரண்டாவது சேர்க்கையில் பிறப்பது. அந்நேரம் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பைகள் சரியாக வெடிப்பதில்லை. ஆகஸ்ட் வெயிலை நாம் தடுக்க முடியாது. காலை வேளையில் பூத்த கதிர்மேல் மருந்து தெளிப்பதைத் தவிர்க்க முடியுமே! அவசியமென்றால் மாலையில் அடிக்கலாம். சம்பாவில் இதே கெடுதலை மார்கழி மழை செய்கிறது.

சோதிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. காலை எட்டு மணிக்கு, அன்று திறக்கவிருக்கும் பூவிலிருந்து மகரந்தப்பையை ஊசியால் எடுத்து, அயோடின் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டு நசுக்கிப் பள்ளிக்கூட நுண்ணோக்கியில் பாருங்கள். நல்ல மகரந்தம் கறுக்கும். மலட்டு மகரந்தம் மஞ்சளாகவே இருக்கும்.

அறுவடைக்குப் பிறகென்றால் பதரை உரித்துப் பார்ப்பதே வழி. உள்ளே சூலகம் கடுகளவுகூட வளரவில்லையென்றால் கருவே தரிக்கவில்லை. பாதி அரிசி சூம்பிக் கிடந்தால் கரு தரித்தது, பால் பிடிக்கையில்தான் தண்ணீரோ சத்தோ போதவில்லை. கதிர் முழுதும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் அது குருத்துப்பூச்சி. சேதம் கணக்கெடுக்க வருவோர் ஒரு கைப்பிடிப் பதரையாவது உரித்துப் பார்த்துவிட்டு, காரணத்தை அறிக்கையில் எழுதட்டும்.

தாவரவியல் ஆசிரியர்,
மயிலாடுதுறை