ஹோர்னெட் வேறு, சூப்பர் ஹோர்னெட் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் விமானந்தாங்கிக் கப்பல்களில் இயங்கும் போர் விமானங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வசனம்: "பழைய ஹோர்னெட்டைச் சற்றுப் பெருப்பித்து, வேகத்தையும் கூட்டி, சூப்பர் என்ற அடைமொழியைச் சேர்த்ததே இன்றைய சூப்பர் ஹோர்னெட்." மூன்று நாளாகியும் மனம் ஆறவில்லை. போதாததற்குப் படமும் பிழை. படத்தின் கீழே சூப்பர் ஹோர்னெட் என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் நிற்பது பழைய ஹோர்னெட்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. இயந்திரத்துக்குக் காற்றுப் போகும் வாயைப் பார்த்தால் போதும். பழையதற்கு அது அரைவட்டம் போல வளைந்திருக்கும். புதியதற்குச் சாய்வாக வெட்டிய பெட்டி போல, நான்கு மூலையோடு இருக்கும். ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு மாறிச் சொல்லமாட்டார்கள்.

நான் 1994 முதல் 2008 வரை குவைத்தில் ஒரு விமானத் தளத்தில் எரிபொருள் பவுசர் ஓட்டியவன். குவைத் விமானப்படையிடம் அப்போது இருந்தவை பழைய ஹோர்னெட்டின் சி, டி வகைகள். பதினான்கு வருடம் அந்த விமானங்களின் மூக்கடியில் நின்று குழாய் கொளுவியிருக்கிறேன். வெயிலில் தகடு கொதிக்கும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் உரியும். வெளித்தாங்கி இல்லாமல் வெறும் தாங்கியோடு வந்தால் அதன் வயிற்றுக்குள் ஏறத்தாழ 6,000 லீற்றர் போகும். மீற்றரைப் பார்க்காமலே, எப்போது குழாய் இறுகி நிற்கும் என்று காலடியில் வரும் அதிர்விலேயே எனக்குத் தெரியும்.

2003ஆம் ஆண்டு, ஈராக் போருக்கு முன்னைய வாரங்களில், ஒரு பின்னேரம் கடலிலிருந்து வந்த அமெரிக்க விமானம் ஒன்று எங்கள் தளத்தில் இறங்கியது. தூரத்திலிருந்து பார்த்து ஹோர்னெட் என்றுதான் நானும் நினைத்தேன். பவுசரைக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தியபோதுதான் அதன் உயரமும் அகலமும் கண்ணில் பட்டன. குழாயைக் கொளுவிவிட்டு நின்றேன். வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி மீற்றர் ஓடியது. ஏதோ ஒழுகுகிறது என்று பயந்து, குனிந்து வயிற்றின் கீழே பார்த்தேன். நிலம் காய்ந்தே கிடந்தது. ஏறத்தாழ 8,000 லீற்றர் குடித்த பிறகுதான் அது நின்றது. பக்கத்தில் நின்ற அமெரிக்கப் பையன் சிரித்துக்கொண்டே அது வேறு விமானம் என்று சொன்னான். "சற்றுப் பெருப்பித்து" என்று எழுதியவர் அன்றைக்கு அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

வேகத்தைக் கூட்டினார்கள் என்பது அதைவிடப் பெரிய பிழை. பழைய ஹோர்னெட்டின் உச்ச வேகம் ஒலியின் வேகத்தைப் போல 1.8 மடங்கு. சூப்பர் ஹோர்னெட்டுக்கு 1.6 மடங்குதான். ஒவ்வொரு இயந்திரத்தின் உந்துவிசையும் 22,000 இறாத்தலாகக் கூடியது உண்மை. ஆனால் உடம்பும் கூடியது. இறக்கைப் பரப்பு 400 சதுர அடியிலிருந்து 500 ஆனது. ஆயுதங்கள் கழன்று விழும்போது விமானத்திலோ ஒன்றோடொன்றோ முட்டக்கூடாது என்பதற்காக, இறக்கைக்குக் கீழே அவற்றைக் கொளுவும் கைகளைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைத்தார்கள். அது காற்றை எதிர்த்துக்கொண்டு நிற்கிறது. வேகத்தை விட்டுக்கொடுத்துத்தான் அவர்கள் வேறொன்றை வாங்கினார்கள். அது என்ன என்று சொல்வதுதானே கட்டுரையின் வேலை?

கப்பலில் இறங்குவதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். பழைய சி வகை ஏறத்தாழ 15,400 கிலோவுக்கு மேல் கனத்தோடு கப்பல் தளத்தில் இறங்கக்கூடாது. போடாத குண்டோடும் மிஞ்சிய எண்ணெயோடும் திரும்பி வந்தால் எதையாவது கடலில் கொட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டிவரும். புதியது 20,000 கிலோவரை சுமந்துகொண்டு இறங்கும். அப்புறம், என் தொழிலோடு சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. சூப்பர் ஹோர்னெட்டின் நடுவயிற்றில் குழாய்ச் சுருள் உள்ள தாங்கி ஒன்றையும் இறக்கைகளின் கீழ் இன்னும் நான்கு தாங்கிகளையும் கொளுவினால், அது வானத்திலேயே மற்ற விமானங்களுக்கு எண்ணெய் கொடுக்கும். வானத்தில் ஓடும் பவுசர். பழைய ஹோர்னெட் எண்ணெய் வாங்குமே தவிரக் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவிலுள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்பது என் எண்ணம்.

தங்கள் கட்டுரையாளர் ஏமாந்ததற்குக் காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1991 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் ஏ-12 என்ற புதிய தாக்குதல் விமானத் திட்டம் செலவு மிஞ்சிக் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு இன்னொரு புத்தம்புது விமானம் என்று போய் நின்றால் அமெரிக்கக் காங்கிரஸ் சம்மதிப்பது கடினம். ஏற்கனவே இருக்கும் எஃப்-18இன், அதாவது ஹோர்னெட்டின், மேம்பட்ட வகை என்று பெயர் வைத்தால் வழி இலகு. அதனால்தான் சி, டி என்பதற்கு அடுத்த எழுத்துகளாக ஈ, எஃப் என்று வந்தன. முதலாவது ஹோர்னெட் பறந்தது 1978 நவம்பரில், முதலாவது சூப்பர் ஹோர்னெட் பறந்தது 1995 நவம்பரில். நடுவில் பதினேழு வருடம்.

பழையதைக் குறைத்துப் பேசவும் நான் விரும்பவில்லை. 1991 ஜனவரி 17ஆம் திகதி, வளைகுடாப் போரில், அமெரிக்காவின் சரட்டோகா என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து குண்டுகளோடு கிளம்பிய ஹோர்னெட்டுகள் வழியில் எதிர்ப்பட்ட இரண்டு ஈராக்கிய மிக்-21 விமானங்களை வீழ்த்திவிட்டு, குண்டுகளைக் கழற்றாமலே போய் இலக்கையும் தாக்கின. சண்டை விமானமும் குண்டுவீச்சு விமானமும் ஒன்றாக இருக்கலாம் என்பதை அந்த ஒரு பயணத்திலேயே காட்டியது பழைய ஹோர்னெட். அந்தப் பெயர் பழையதற்கும் உரியது.

கட்டுரையின் இந்தியப் பகுதி சரியாகவே இருந்தது. இந்தியக் கடற்படை தனக்கு விமானம் தேடியபோது, 2022இல் கோவாவில் நுனி மேலே வளைந்த சறுக்குமேடையிலிருந்து சூப்பர் ஹோர்னெட்டை ஏற்றிக் காட்டியதும், கடைசியில் 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனதும் பிழையில்லாமல் வந்திருந்தன. அவ்வளவு சரியாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் முடியவில்லை என்பதே என் வருத்தம்.

இது முதல் தடவை என்றால் நான் பேனையை எடுத்திருக்கமாட்டேன். 2016 ஜனவரியில் இந்தியாவின் விக்ரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பல் கொழும்புக்கு வந்தபோது, அதன் மிக்-29கே விமானங்களைத் தங்கள் பத்திரிகை மிக்-21 என்று எழுதியது. கடிதம் போட்டேன், அது பத்திரிகையில் வரவில்லை. கந்தோருக்கு அழைத்தேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, சனம் உதையெல்லாம் பார்க்கிறேல்லை" என்றார். நானும் சனம்தானே, பார்த்துவிட்டுத்தானே அழைத்தேன்? காற்றின் வேகத்தை நொட் கணக்கில் சொன்னதை அப்படியே கிலோமீற்றர் என்று போட்டதும் தங்கள் பத்திரிகையில்தான். நாற்பது நொட் என்றால் எழுபது கிலோமீற்றருக்கு மேல். முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் எந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பஸ் பலகைகளிலும் அரச கந்தோர்களின் பெயர்ப்பலகைகளிலும் தமிழைப் பிழையாக எழுதுகிறார்கள் என்று தாங்கள் தலையங்கம் எழுதியபோது, அதை வெட்டி வைத்தவன் நான். தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு எழுதக்கூடாதா என்று அதில் கேட்டிருந்தீர்கள். விமானம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடக்கூடாதா என்று நான் கேட்கலாம்தானே? வெள்ளவத்தையிலேயே கட்டுநாயக்க, இரத்மலானை விமான நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர்கள் இருக்கிறார்கள். யாரும் காசு கேட்கமாட்டார்கள். முன்பு ஞாயிறுதோறும் அரைப்பக்கம் அறிவியல் வந்தது. அதுவும் போய், அந்த இடத்தில் காணி விளம்பரம் வருகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது விட்டுவிடுகிறேன்.

என் மகளின் மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். தமிழ்மொழி மூலம். திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் தங்கள் கட்டுரையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான், பாடசாலை அறிவித்தல் பலகைக்காக. பலகையில் ஒட்ட நல்ல தாள் வேண்டும் என்று என்னிடம் கேட்டான். நான் படத்தில் விரலை வைத்து, இந்த வாய் வளைந்திருக்கிறதே பார் என்றேன். அவன் படத்தைப் பார்த்தான், கீழே இருந்த எழுத்தைப் பார்த்தான். "பேப்பரில போட்டிருக்கே தாத்தா" என்றான். பதினான்கு வருடம் அந்த வாய்க்குப் பக்கத்தில் நின்றவன் சொல்வதைவிடத் தங்கள் பத்திரிகையின் எழுத்து அவனுக்குப் பெரிது. அவனை நான் கோபிக்கவில்லை. என் தகப்பனாரும் அப்படித்தான், பேப்பரில் வந்தால் அது உண்மை என்பார். அந்த நம்பிக்கையைத் தாங்கள் இவ்வளவு கவனக்குறைவாகக் கையாள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் கேட்பது இரண்டு வரி. படத்தில் இருப்பது பழைய ஹோர்னெட் என்றும், சூப்பர் ஹோர்னெட்டின் வேகம் பழையதைவிடக் குறைவு என்றும், அதே ஞாயிறு இதழில், அதே பக்கத்தில் போடுங்கள். என் பெயர் வரத் தேவையில்லை. கட்டுரை இப்போது பாடசாலைப் பலகையில் இருக்கிறது. நான் திருப்பித் திருப்பிச் சொன்னதால், பேரன் அதன் கீழே ஒரு சாண் இடம் விட்டு ஒட்டியிருக்கிறான். திருத்தம் வந்தால் அங்கே ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பவுசர் சாரதி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.