பழைய ஐசி ஃபீல்டு: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணே,

வரும் ஞாயிறு இரவு, நம் செம்பனை ஆலையின் எடைமேடை மூடியதும், தரவுத்தளத்தில் இருக்கும் தொழிலாளர் டேபிளிலிருந்து பழைய ஐசி (மலேசிய அடையாள அட்டை எண்) ஃபீல்டை எடுத்துவிடப் போகிறேன். நீங்கள் கிளம்பிப் போய் இந்தத் தீபாவளியோடு இரண்டு வருடம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. இங்கே எழுதினால் படிப்பீர்கள்.

அந்த மத்தியானம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. மாதக் கடைசி. கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) சம்பளச் செயலியில் பெரிய ரிப்போர்ட் ஒன்றை ஓடவிட்டிருந்தார். ஐசி ஃபீல்டை எண் வகையிலிருந்து எழுத்து வகைக்கு மாற்ற நீங்கள் ஆல்டர் கட்டளை கொடுத்தீர்கள். டேபிள் சின்னதுதான், சில நொடி வேலை. ஆனால் நம் தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் அதற்கு டேபிளை முழுசாகப் பூட்டியாக வேண்டும். ரிப்போர்ட் முடியாமல் பூட்டு கிடைக்காது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம், சும்மா படிக்க வந்ததுகூட, ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நின்றது. டிரைவர் பெயரைத் தேடப் போன எடைமேடைச் செயலி அப்படியே நின்றுவிட்டது. ஆலை வாசலிலிருந்து சாலைவரை செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். நீங்கள் ஒன்றும் பேசாமல் பில் புத்தகத்தையும் கார்பன் தாளையும் எடுத்துக்கொண்டு மழையில் ஓடினீர்கள். லாரி லாரியாகக் கையால் சீட்டு எழுதினீர்கள். சட்டைப்பை முழுக்க நீல மை. அந்த மனுஷனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

பட்டப்பகலில் செய்யச் சொல்லி அவசரப்படுத்தியது யார் என்று இங்கே எழுத மாட்டேன். இதை அவரும் படிக்கலாம்.

ஆனால் மறுநாள் "இனி அந்த டேபிளை யாரும் தொடக்கூடாது" என்றீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தொடாமல் விட்டதால் அது பத்திரமாகவா இருந்தது? பாஸ்போர்ட் எண்ணில் எழுத்து இருப்பதால் வங்காளதேசத்து ஆட்களுக்கெல்லாம் கிராணி 999 என்று தொடங்கும் பொய் எண் போட்டார். 2000 மார்ச்சில் பிறந்த பையனின் ஐசி, பிறந்த வருடம் மாதப்படி, 0003 என்று தொடங்கும். எண்ணாகச் சேமித்ததில் முன்னால் இருந்த மூன்று பூஜ்யமும் போய், சம்பளச் சீட்டில் பன்னிரண்டுக்குப் பதில் ஒன்பது இலக்கம் வந்தது. "இது நான் இல்லையேக்கா" என்று சீட்டை என்னிடம் நீட்டினான். அவனுக்குப் பதில் சொன்னது நான். நீங்கள் அதற்குள் போய்விட்டீர்கள்.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். பழையதை மாற்றவில்லை. பக்கத்திலேயே புதிய ஃபீல்டு ஒன்றைச் சேர்த்தேன். இரண்டு நொடிக்குள் பூட்டு கிடைக்காவிட்டால் கட்டளை தானாக விலகிவிடும்படி வைத்தேன். பழையதில் எழுதினால் புதியதிலும் பூஜ்யம் சேர்த்து விழ, தானாக ஓடும் ஒரு டிரிகர். ஏற்கெனவே இருந்த வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினேன். எடைமேடை முதலில் மாறியது, அப்புறம் சம்பளம். மண்டோர்களின் (வேலை மேற்பார்வையாளர்களின்) போன்கள்தான் கடைசி. காட்டுக்குள் லைன் கிடையாது, பழைய செயலியோடே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதுவரை இரண்டு ஃபீல்டும் இருந்தன. நம் ஊரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்கிறார்கள், யாரும் வழி தவறிப் போவதில்லை. அந்தப் பொறுமையைத்தான் நான் அன்றைக்கே கேட்டேன்.

நீங்கள் கட்டியதை நான் பிரித்துப் போடுகிறேன் என்று தோன்றினால் மன்னித்துவிடுங்கள். ஒரே டேபிள், மூன்று செயலி என்று நீங்கள் அமைத்ததால்தான் இந்தத் தோட்டத்தில் ஒருவர் பெயர் மூன்று விதமாக இல்லாமல் இருக்கிறது. ஆனால் அதை யார் யார் படிக்கிறார்கள் என்று ஒரு தாளிலாவது எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். இத்தனை மாதம் தரவுத்தளத்தின் லாகை (யார் என்ன கேட்டார்கள் என்ற பதிவை) பார்த்துப் பார்த்து நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒன்று மட்டும் புரியவில்லை. போன மாதக் கடைசியில், நீக்குவதற்கு முன்னால் சோதிக்க, பழைய ஃபீல்டைப் படிக்கும் அனுமதியை மட்டும் எடுத்துப் பார்த்தேன். மூன்று செயலியும் ஓடின. நீங்கள் திறந்த பழைய லாகினில் ஓர் எக்செல் மட்டும் பிழை காட்டியது. அனுமதியை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த எக்செலை யார் பார்க்கிறார்கள்? சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கணக்கா, வேறு எதுவுமா? சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள் அண்ணே. போன் செய்ய மனசு இல்லாவிட்டால் ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கச்சி