செந்திலின் எக்செல் ஷீட்டுக்கு ஒரு பதில்

அன்புள்ள செந்தில்,

நீ அனுப்பிய ஷீட்டை நேற்று ராத்திரி உன் அத்தானும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். பார்க்குக்குப் பச்சை, ஓட்டலுக்கு மஞ்சள், கேஸ் (பெட்ரோல்) போடும் இடத்துக்கு ஆரஞ்சு. ஒன்பது நாளில் அமெரிக்காவின் ஏழு நேஷனல் பார்க். ஆறாம் நாள் வரிசையில் ஒரு பாறை வளைவுக்கு "டெலிகேட் ஆர்ச், 6:10 முதல் 7:25" என்று போட்டிருந்தாய். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இவன் டூர் போறானா, ஆடிட்டுக்குப் போறானா?" என்று கேட்டார்.

"சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்கக்கா" என்று எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் நாலு பேர் பார்க்கக் கடிதமாகவே எழுதுகிறேன். உன்னைப் போல ஷீட் போடுகிற புது மாப்பிள்ளைகள் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும்.

முதலில் கத்தரி வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடுகிறேன். ஏழாம் நாள் ஆர்ச்சஸிலிருந்து யெல்லோஸ்டோனுக்குத் தாவியிருக்கிறாய். மேப்பில் அது இரண்டு விரற்கடைதான். ஓட்டினால் 500 மைலுக்கு மேல், ஒன்பது மணி நேரம் போய்விடும். போய்ச் சேர்ந்தால் மட்டும் ஆயிற்றா? யெல்லோஸ்டோன் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அதை "காலை 8 முதல் மதியம் 2" என்று ஒரு கட்டத்துக்குள் அடைத்திருக்கிறாய். 1872-லிருந்து நேஷனல் பார்க்காக இருக்கிற இடம், இன்னும் ஒரு வருஷம் உனக்காக இருக்காதா? எடுத்துவிடு. ஆர்ச்சஸ், கேனியன்லேண்ட்ஸ், கேப்பிடல் ரீஃப் மூன்றையும் சேர்த்து வேறொரு லீவுக்கு வை. அப்போது ஐ-70 நெடுஞ்சாலையில் போவதாக இருந்தால் சலைனா ஊரிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள். அங்கிருந்து கிரீன் ரிவர் வரை நூறு மைலுக்கு மேல் ஒரு கேஸ் ஸ்டேஷன் கிடையாது. உன் ஷீட்டில் நட்டநடுவே ஒரு ஆரஞ்சுக் கட்டம் இருக்கிறது. அங்கே இருப்பது பாறைதான்.

மிச்சம் சயான், பிரைஸ், கிராண்ட் கேனியன். ஒன்பது நாளைக்கு இதுவே தாராளம். லாஸ் வேகாஸில் இறங்கி, கார் எடுத்து, ஒரு வட்டம். 2018 செப்டம்பரில் நாங்கள் போனதும் இந்த வட்டம்தான்.

சயான் வாசலில் 80 டாலர் கொடுத்து நேஷனல் பார்க்குகளுக்கான ஆண்டு அட்டை வாங்கினோம். பின்பக்கத்தில் கையெழுத்துப் போட இரண்டு கோடு இருந்தது. பச்சை பேன்ட் போட்ட ரேஞ்சர் அம்மா பேனாவை நீட்டினார். அத்தான் போட்டார், நான் போட்டேன். நம் ஊரில் ரேஷன் கார்டில் என் பெயர் ஏற ஒன்றரை வருஷம் ஆயிற்று. இங்கே ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. (2026-லிருந்து கணக்கு மாறியிருக்கிறது. இங்கே வசிப்பவருக்கு அதே 80, வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு 250. டிரைவிங் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொள். நாளைக்கு உன் மாமனாரும் மாமியாரும் வரும்போதும் இதை ஞாபகம் வை.)

சயானில் நேரோஸ் போங்கள். பாதை என்று தனியாக ஒன்றும் கிடையாது, வர்ஜின் ஆறே பாதை. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், முழங்காலுக்குத் தண்ணீர், அடியில் பந்து பந்தாகக் கல். ஆளுக்கொரு தடியும் அதற்கான ஷூவும் ஊருக்குள் வாடகைக்குக் கிடைக்கும். தடியில் காசு மிச்சம் பிடிக்காதே. போகும் முன் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துவிடு. உன் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும், எங்கேயோ பெய்த மழை வந்து சேரும். நம் திற்பரப்பு அருவியில் குளித்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கிருந்து கிழக்கே போகும் வழியில் ஒரு சுரங்கப்பாதை வரும், 1930-ல் திறந்தது, ஒரு மைலுக்குக் கொஞ்சம் மேல். உள்ளே விளக்கில்லை. பாறையில் ஆங்காங்கே ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள். கும்மிருட்டு, சட்டென்று ஒரு ஜன்னல் நிறையச் சிவப்பு மலை, மறுபடி கும்மிருட்டு. நான் "நிறுத்துங்க" என்று கத்தினேன். உள்ளே நிறுத்தக் கூடாது, நீயும் நிறுத்தாதே.

பிரைஸில்தான் சாதம் வேகாமல் போனது. நீ சிரிப்பாய், ஆனால் பிற்பாடு நடந்த கலாட்டாவுக்கு வேர் அதுதான். அங்கே பள்ளத்தாக்கின் விளிம்பே 8,000 அடிக்கு மேல். அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் கொதிக்கிற தண்ணீரில் போதுமான சூடு இருக்காது. வீட்டில் வைக்கிற அளவே வைத்தேன். குக்கர் டக்கென்று அணைந்தது, திறந்தால் பருக்கை விதை விதையாக நிற்கிறது. புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்து, விடியற்காலைக் குளிரில் விளிம்பில் நின்றபடி மென்று தின்றோம்.

எதிரே ஆயிரக்கணக்கில் கல் தூண்கள். பகலில் உருகிப் பாறை இடுக்கில் இறங்குகிற தண்ணீர் ராத்திரியில் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கிறது. வருஷத்தில் பாதி நாள் இதே வேலை, அப்படிச் செதுக்கியதுதான் அத்தனையும். அங்கே முன்பு வாழ்ந்த பையூட் பழங்குடி மக்கள் சொல்லும் கதை வேறு. கெட்ட நடத்தைக்காரர்களை ஓநாய் மாதிரியான கயோட்டி கல்லாக்கிவிட்டதாம். அகலிகை என்றால் நமக்கு ஒருத்திதான், இங்கே ஒரு ஊரே நிற்கிறது. வெயில் முதலில் தூண்களின் உச்சியில்தான் விழும். அப்புறம் கழுத்து, தோள் என்று இறங்கும். அத்தான் அன்றைக்கு ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. விரல் விறைத்துவிட்டது, அது ஒரு காரணம்.

சரி, கலாட்டாவுக்கு வருகிறேன். அன்று ராத்திரி கனாபில் தங்கினோம். அது யூட்டா மாநிலம். மறுநாள் காலை பத்து மணிக்குப் பேஜ் ஊரில் ஆன்ட்டிலோப் கேனியனுக்குச் சீட்டு வாங்கியிருந்தோம். அது அரிசோனா. (அது நேஷனல் பார்க் இல்லை, நவஹோ பழங்குடி மக்களின் நிலம். உன் ஆண்டு அட்டை அங்கே செல்லாது, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம். உன் ஷீட்டில் "இலவசம்" என்று போட்டிருக்கிறாய், திருத்து.) பிரைஸ் அனுபவத்தில் சூடுபட்டவள் நான், இந்தத் தடவை தண்ணீர் கூட ஊற்றி, குக்கர் அணைந்த பிறகும் இருபது நிமிஷம் புழுங்க விட்டேன். தயிர் விட்டுப் பிசைந்து டப்பாவில் அடைத்து மூடும்போது மணி 9:20. பேஜ் 75 மைல்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உனக்குத்தான் உன் அத்தானைத் தெரியுமே, திட்டினால் பரவாயில்லை என்று இருக்கும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினார். நான் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு வலப்பக்க ஜன்னலைப் பார்த்தேன். சிவப்பு மலை, வெள்ளை மலை, மறுபடி சிவப்பு மலை. எழுபத்தைந்து மைலும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோவில்கூட ஸ்டேஷன் கிடைக்கவில்லை. காரின் கடிகாரத்தில் 10:35 ஆனபோது போய் நின்றோம். கவுன்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்து, "சீக்கிரமே வந்துவிட்டீர்களே, போய் நிழலில் உட்காருங்கள்" என்றாள்.

கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறது. அரிசோனா தள்ளுவதில்லை. பேஜில் அப்போது மணி 9:35. இதில் இன்னொரு கூத்து, அரிசோனாவுக்குள்ளேயே நவஹோ நிலம் மட்டும் தள்ளி வைக்கும், ஆனால் பேஜைச் சுற்றியுள்ள டூர்கள் அரிசோனா மணியில் நடக்கும். போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். நம்பாதே. நீ ஷீட்டில் நிமிஷக் கணக்கு போட்டிருக்கிறாய், எந்த ஊர் நிமிஷம் என்று போடவில்லை.

நிழலில் உட்கார்ந்தோம். இருபத்தைந்து நிமிஷம் கையில் இருந்தது. அவர் டப்பாவைத் திறந்து ஒரு வாய் தின்றுவிட்டு, "நல்லா வெந்திருக்கு" என்றார். மன்னிப்புக் கேட்பது அவர் வீட்டில் இப்படித்தான்.

பேஜிலிருந்து கிராண்ட் கேனியனின் வடக்கு ரிம்முக்கு (வடக்கு விளிம்பு) போகும் வழியில் நவஹோ பாலம் வரும். பழைய பாலம் 1929-ல் திறந்தது, இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். கீழே 400 அடிக்கு மேல் ஆழத்தில் கொலராடோ ஆறு. எங்கள் கண்ணெதிரே கம்பியில் ஒரு கான்டோர் உட்கார்ந்திருந்தது. பிணந்தின்னிக் கழுகு வகை, நம் ஊர்க் கழுகைவிட எவ்வளவோ பெரிசு, இறக்கையில் நம்பர் அட்டை. 1982-ல் உலகத்திலேயே 22 கான்டோர்தான் மிஞ்சியிருந்தன. கூண்டில் வளர்த்துப் பெருக்கி, 1996-லிருந்து இந்தப் பக்கத்து மலைகளில் விடுகிறார்கள். அதற்கு நம் ஆதார் கதையெல்லாம் தெரியாது, நம்பரைக் காட்டிக்கொண்டு வெயில் காய்ந்தது.

அந்தப் பாலம் திறப்பதற்குச் சில வாரம் முன்னால், 1928 நவம்பரில், இதே ஆற்றில் ஒரு புதுமணத் தம்பதி படகில் போனார்கள். கிளென் ஹைட், பெஸ்ஸி ஹைட். கிளென் தன் கையால் செய்த படகு. முழுவதும் கடந்திருந்தால், கிராண்ட் கேனியனைப் படகில் கடந்த முதல் பெண் என்று பெஸ்ஸிக்குப் பெயர் வந்திருக்கும். வழியில் மேலே ஏறி ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரைப் பார்த்தார்கள். அவர் மிதவைச் சட்டை கொடுத்தும் கிளென் வேண்டாம் என்றுவிட்டார். டிசம்பரில் படகு கிடைத்தது, கவிழாமல், சாமான் எல்லாம் அப்படியே. ஆட்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். மிதவைச் சட்டை வேண்டாம் என்று அவர் சொன்னபோது, பக்கத்தில் நின்ற பெஸ்ஸியிடம் யாராவது கேட்டார்களா?

உன் ஷீட்டை மூன்று தடவை பார்த்தேன் செந்தில். உன் மனைவி கனிமொழி பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, விமான டிக்கெட் வரிசையில்.

இப்போது ஒரு ரகசியம். உன்னைக் கிண்டல் செய்த அத்தானும் அன்றைக்கு ஒரு ஷீட் வைத்திருந்தார். கலர் மட்டும்தான் இல்லை. அதன்படி வடக்கு ரிம்மில் ஒரு ராத்திரி, மறுநாள் தெற்கு ரிம். காகம் பறக்கிற தூரம் பத்து மைல். காரில் போனால் 215 மைல், ஐந்து மணி நேரம் சுற்ற வேண்டும்.

ஜேக்கப் லேக் தாண்டினால் பாலைவனம் போய்க் காடு வந்துவிடும். ஆஸ்பென் மரத்து இலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. கடைசியில் கல்லும் மரமுமாக ஒரு லாட்ஜ். வாசலில் நிற்கும்போது பள்ளத்தாக்கு இருக்கிற சுவடே தெரியாது. உள்ளே போய் நாலு படி இறங்கினால் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கப்பால் தரையே இல்லை. திண்ணையில் மர நாற்காலிகள். மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். நிழல் ஏறுவதைப் பார்த்தோம். இருட்டிய பிறகு எதிர்க்கரையில் தெற்கு ரிம்மின் விளக்குகள் நாலைந்து மினுங்கின. "நாளைக்கு அங்கே போகணும்" என்றார் அவர். "போகணுமா?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து, தெற்கில் போட்டிருந்த அறையை ரத்து செய்ய வழி பார்த்தார். சிக்னல் இல்லை. காசு போனால் போகட்டும் என்று போனை உள்ளே வைத்துவிட்டார். இன்னொரு ராத்திரிக்கு அங்கேயே ஒரு கேபின் கிடைத்தது, யாரோ வராமல் போன புண்ணியம்.

அந்த லாட்ஜ் இப்போது இல்லை. 1928-ல் கட்டி, 1932-ல் எரிந்து, 1937-ல் மறுபடி எழுப்பிய கட்டடம். 2025 ஜூலையில் மின்னல் வைத்த காட்டுத்தீயில் இரண்டாம் தடவையும் எரிந்துபோனது. செய்தி வந்த அன்று அத்தான் போனில் பழைய படங்களைத் தேடினார். அந்தத் திண்ணையில் எடுத்தது ஒன்றே ஒன்று. அதில் என் கால் இரண்டும் சுவர்மேல் இருக்கிறது, பக்கத்தில் காலி தயிர்சாத டப்பா.

ஆகவே உன்னை அங்கே போய் உட்கார் என்று சொல்ல எனக்கு வழியில்லை. வடக்கில் என்னென்ன திறந்திருக்கிறது என்று பார்க்கின் இணையதளத்தில் பார்த்துக்கொள். தெற்கு ரிம்மும் குறைந்ததில்லை, பெரும்பாலான கூட்டம் அங்கேதான் போகிறது. ஷீட்டில் அதற்கு நீ போட்டிருக்கிற இரண்டு மணி நேரத்தை இரண்டு ராத்திரியாக்கு.

ஷீட்டைக் கனிமொழியிடம் கொடு. உன் பேனாவையும் கொடு. அவள் அடித்தது போக மிச்சத்தை அனுப்பு, பார்க்கிறோம். புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில் திங்கள்கிழமை கூரியரில் வரும், ஒன்று காரம் கம்மி.

அன்புடன்,
அக்கா